அலமாரிக்குப் பின்னால் விட்ட தாள்

பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டையிலிருந்து காலை ஏழே கால் பஸ்ஸில் தூத்துக்குடிக்குக் கட்டட வேலைக்கு வரும் சித்தாள்களுக்குள் இசக்கியம்மாளுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. வயது நாற்பத்தெட்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பாள். அவள் கலவை போட்டால் கொத்தனார் மறுபடி கிண்டிப் பார்க்க வேண்டியதில்லை. செங்கலை நனைத்துவிட்டேன் என்று அவள் சொன்னால் உள்ளே வரைக்கும் நனைந்திருக்கும். வீட்டுக்காரர்கள் பீரோச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவளை நம்பி வெளியே போவார்கள்.

"யக்கா பாத்தாச்சுன்னா பாத்தாச்சு. நாம வேற போய்ப் பாக்கணுமாக்கும்?" என்பான் செந்தூர்வேல். ஐந்தாறு வருடமாக அவளை வேலைக்குக் கூப்பிடும் கொத்தனார் அவன். வயதில் அவளுக்கு இளையவன்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இசக்கியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாந்துச் சட்டியைக் கழுவப் போய்விடுவாள். புகழ்ந்தால் கூச்சப்படுகிறாள், என்ன அடக்கம் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அது கூச்சமும் இல்லை, அடக்கமும் இல்லை. வேறு ஒன்று. பன்னிரண்டு வருடமாக அதை அவள் ஒருத்தரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவர் திருச்செந்தூரில் இருக்கிறார். கேட்டுக்கொள்வாரே தவிர, யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை செந்தூர்வேல் சொன்னான்:

"நாளைலருந்து புது வேலைக்கா. பழைய வீடு. உள்சுவரு பூராவும் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசணும். கடற்கரைப் பக்கம், கோயிலுக்குப் பின்னால மூணாவது தெரு. கப்பல்காரர் ரோச் வீடுன்னு கேட்டாச் சொல்லுவாகளாம்."

இசக்கியம்மாள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். அடுத்த நிமிடம் வேறொரு நினைப்பு வந்தது. அதைச் சொல்லவே நாக்குக் கூசும். நான் போகாவிட்டால் வேறு எவளாவது அந்தச் சுவரை உடைப்பாள். நானே போனால், உடைத்த கையோடு அள்ளிச் சட்டியில் போட்டுக் குப்பையோடு குப்பையாகக் கொட்டிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது.

"எத்தன மணிக்கு வரணும், தம்பி?" என்று கேட்டாள்.

*

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் மரியான் கொத்தனாரிடம் சித்தாளாக இருந்தாள்.

மரியான் மணப்பாட்டுக்காரர். அப்பாவும் அண்ணன் தம்பிமாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகில் கால் வைத்தால் குடல் வெளியே வந்துவிடும். இரண்டு வருடம் வாந்தி எடுத்துப் பார்த்துவிட்டு, கொத்தனார் கரணை பிடிக்கத் தூத்துக்குடிக்கு வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அதற்கு அவர், "சுவரு ஆடாதுலா. அது போதும் எனக்கு" என்பார். பூச்சு வேலையில் அவர் கை அப்படி இருக்கும். பூசி முடித்த சுவரில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாலும் ஒரு மேடு பள்ளம் தெரியாது. இசக்கியம்மாளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

கப்பல்காரர் ரோச் அப்போதே இறந்துபோயிருந்தார். அவர் உயிரோடு கப்பலில் போய்வந்த காலத்தில், ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் பூப்போட்ட சுவர்த்தாள் பதினோரு சுருள் வாங்கிக் கொண்டுவந்திருக்கிறார். மைதாமாவில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சி, ஹால் முழுவதும் தன் கையாலேயே ஒட்டியிருக்கிறார். நீலப் பூவும் பச்சைக் கொடியுமாகத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். நம் ஊர்க் காற்றுக்கு அந்தத் தாள் எத்தனை நாள் தாங்கும்? திட்டுத்திட்டாகக் கறுத்தது. கறுப்பை மறைக்க அதன்மேலேயே பெயிண்ட் அடித்தார்கள். பிறகு அதற்கும் மேல் ஒரு பெயிண்ட். கடைசியில் அவர் மனைவி அல்போன்சா, மகள் டயானாவின் கல்யாணத்துக்கு முன்னால் சுவரை நன்றாகப் பூசிவிட வேண்டுமென்று மரியானைக் கூப்பிட்டாள்.

தாளை எடுக்கிற வேலை இசக்கியம்மாளுக்கு. மரியான் அவளைச் சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் விரலால் தட்டிக் காட்டினார்.

"தங்கச்சி, ஒரு பொட்டுத் தாள் இருக்கக் கூடாது, கேட்டியா? சிமெண்ட் சுவத்தைத்தான் புடிக்கும். தாளைப் புடிக்காது. பூசுன அன்னைக்கு நிக்கும், மழை வந்தா பொருமிட்டு வந்துரும்."

தாளைக் கத்தியால் கீறி, சோடா உப்புப் போட்ட வெந்நீரைத் துணியால் ஒற்றி, ஊறவிட்டு, தகட்டால் சுரண்ட வேண்டும். பெயிண்ட் அடித்த தாளில் தண்ணீர் இறங்காது. ஒரு முழம் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு வாரம் முழுவதும் சுரண்டினாள். விரல் நுனியெல்லாம் வெந்துபோயிற்று. எட்டாம் நாள் மதியம் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. பெரிய தேக்கு அலமாரி நிற்கிற இடம். ஆள் உயரம், மூன்று முழ அகலம். அங்கே பெயிண்ட் தடித்துப் போய்த் தகரம் மாதிரி இருந்தது.

அன்றைக்கு மரியான் இல்லை. மணப்பாட்டில் ஒரு சாவு என்று போயிருந்தார். அன்றைக்குத்தான் புதுக்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு வைகாசி விசாகப் பாதயாத்திரையும் புறப்பட்டது. மகள் பானுப்ரியாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக, வருடந்தவறாமல் நடந்து வருகிறேன் என்று அவள் முருகனிடம் நேர்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு யாத்திரைக் கூட்டத்திலிருந்து போன் வந்தது. "அஞ்சு மணிக்குப் புறப்பாடு. பச்சைச் சேலை கட்டிட்டு வந்துரு."

இன்னும் ஒரு நாள் வேலை அந்தச் சுவரில் இருந்தது. அலமாரியைப் பார்த்தாள். அது மறுபடியும் இங்கேதான் வந்து நிற்கப்போகிறது. யார் பார்க்கப்போகிறார்கள்? பூச்சு பிடித்துக்கொள்ளட்டும் என்று அரிவாளை எடுத்துத் தாளின்மேல் குறுக்கும் நெடுக்குமாக வெட்டினாள். சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து விளக்குமாற்றால் அதன்மேல் கெட்டியாக அடித்தாள். ஒரு மணி நேரத்தில் காய்ந்து, மற்ற சுவர் மாதிரியே சாம்பல் நிறமாக ஆகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை ஆத்தூர்ப் பாலத்தில் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தபோது மரியானிடமிருந்து போன்.

"தங்கச்சி, நான் வந்துட்டேன். தாள் பூராவும் எடுத்தாச்சா?"

முன்னாலும் பின்னாலும் அரோகரா. காவடிக்காரன் ஒருவன் அவளை இடித்துக்கொண்டு போனான்.

"எடுத்தாச்சு அண்ணாச்சி."

"நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான். அரோகரா சத்தம் கேக்குதே, நடந்தா போற? எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோ, தங்கச்சி."

அவர் நம்பினார். பூசினார்.

*

அந்த வருடம் கார்த்திகை மழை நின்று பத்து நாளில் சுவர் பொருமிவிட்டது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால், பின்னால் பூச்சு வயிறு தள்ளினமாதிரி நிற்கிறது. தட்டினால் பானையைத் தட்டினதுபோலச் சத்தம். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம்.

இந்தக் கடற்கரையில் ஒரு பழக்கம் உண்டு. பூச்சு பொருமினால் உடைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. சுரண்டி நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் தீர்ப்பு முடிந்தது. கொத்தனார் ஆற்று மணலுக்குப் பதிலாகக் கடல் மண்ணைக் கலந்துவிட்டான்.

அல்போன்சாவின் தம்பி பாஸ்கல் சாவியால் சுரண்டி நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார். அல்போன்சா வைத்துப் பார்த்தாள். "உப்புதான்." மரியானைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவரும் இசக்கியம்மாளுமாகத்தான் வந்தார்கள். மரியான் ஒரு துளியை நாக்கில் வைத்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, மாதா மேல ஆணை. ஆத்து மணல்தான் இறக்குனேன். சுடலைராஜ் லாரியில வந்தது."

"அப்ப உப்பு எங்கருந்துலே வந்துச்சு? வானத்துலருந்து கொட்டுச்சா?" என்றார் பாஸ்கல்.

அல்போன்சா இசக்கியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஏளா இசக்கி, நீதான் கலவை போட்டவ. நீ பொய் சொல்ல மாட்ட. நக்கிப் பாத்துச் சொல்லு."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மரியான் ஒரு நம்பிக்கையோடு பார்த்தார். அந்தப் பார்வைதான் அவளுக்கு இன்றைக்கும் சாப்பிட உட்காரும்போது ஞாபகத்துக்கு வருகிறது. அவள் தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கரிக்கத்தான் செய்யுது" என்றாள்.

அது பொய் இல்லை. கரித்தது. கடலுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிற வீட்டில் எந்தச் சுவரை நக்கினாலும் கரிக்கும். அது அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அந்த ஒரு சொல்லோடு வாயை மூடிக்கொண்டாள்.

அல்போன்சா மரியானை வாசல்படியில் நிறுத்தி வைத்து வைதாள். தெருவே கூடி நின்று கேட்டது. கல்யாண வீட்டில் தூசி கிளப்ப வேண்டாமென்று சுவரை உடைக்காமல் அதன்மேல் ஒரு பிளைவுட்டை அடித்து மறைத்தார்கள். அப்படியே விட்டும்விட்டார்கள். மரியானுக்குக் கடமண்ணு மரியான் என்று பெயர் வந்தது. மணப்பாடு வரைக்கும் போயிற்று. "கடலுக்குப் போகத்தான் துப்பில்ல. கடமண்ணை மட்டும் அள்ளத் தெரியுது" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். ஒரு வருடத்துக்குள் அவரை வேலைக்குக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. துறைமுக ரோட்டில் லாரிகளை எடைபோடும் இடத்தில் காவலுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டாள். இசக்கியம்மாள் வேறு கொத்தனாரிடம் போனாள். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் ஒரு பொட்டுக்கூட விட்டதில்லை. அதனால்தான் அவளுக்கு அத்தனை நல்ல பெயர்.

வருடா வருடம் திருச்செந்தூருக்கு நடந்தாள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே முருகனிடம் சொல்லுவாள். திரும்பி வரும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாக இருப்பதுபோலத் தோன்றும். புதுக்கோட்டை வந்து இறங்குவதற்குள் பழையபடி கனத்துவிடும்.

*

செவ்வாய்க்கிழமை காலையில் அல்போன்சா கதவைத் திறந்தாள். முடி முழுவதும் நரைத்து, கையில் செபமாலையோடு நின்றாள்.

"இசக்கியாளா? ஏ ஆத்தா, எத்தன வருசமாச்சு! உள்ள வா, உள்ள வா. நீ வந்துட்டியா, இனி எனக்குக் கவலை இல்ல."

செந்தூர்வேல் பிளைவுட்டைப் பெயர்த்தான். உளியை எடுக்கும் முன்னாலேயே இசக்கியம்மாள் முந்திக்கொண்டாள்.

"இந்தச் சுவத்த நான் பாத்துக்கிடுதேன், தம்பி. நீ அந்தப் பக்கம் போ."

"என்னக்கா, ஆசையாக் கேக்கிய? இந்தாங்க சுத்தியல்."

ஆனால் அல்போன்சா நகரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் இசக்கியம்மாள் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு தட்டுக்கே பூச்சு கதவளவு பெரிய பாளமாக அப்படியே கழன்று விழுந்தது. தூசி அடங்கியதும் பார்த்தால், சுவரில் ஆள் உயரத்துக்கு நீலப் பூவும் பச்சைக் கொடியும். அரிவாள் வெட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே தெரிந்தது.

அல்போன்சா எழுந்து வந்தாள். விரலால் ஒரு பூவைத் தடவினாள். "அவுக ஒட்டுனது" என்றாள். கண்ணீர் வந்துவிட்டது. அரிவாள் வெட்டில் விரல் பட்டதும் திடீரென்று முகம் மாறினாள்.

"அந்தக் கடமண்ணுக்காரன் தாளைக்கூட எடுக்காமலா பூசிட்டுப் போயிருக்கான்! மணல்லயும் களவு, வேலையிலயும் களவு! நான் அன்னைக்கு வைதது பத்தல. அவன் வெளங்குவானா?"

செந்தூர்வேல் போனை எடுத்துப் படம் பிடித்தான்.

"எங்க கொத்தனாருங்க குரூப்ல போடுதேன். கடமண்ணு மரியான் வேலை பாத்த லச்சணம் இதுன்னு. இருநூறு பேரு சிரிப்பான்."

"போடாத, தம்பி" என்றாள் இசக்கியம்மாள்.

"ஏங்க்கா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அல்போன்சா அவள் தோளில் கை வைத்து, "இவ பாவம், எல்லாருக்கும் பரிஞ்சு பேசுவா. தங்கமான மனசு" என்றாள்.

"பாவம்லா... விட்டுருங்க" என்றுதான் இசக்கியம்மாளுக்குச் சொல்ல வந்தது.

செந்தூர்வேல் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டான்.

சாயங்காலம் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு கொத்தனார்கள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். "தாளுக்கு மேலயே பூசியிருக்கான்லே! இவன்லாம் ஒரு ஆளு!" "அவன் மவன் என் தம்பி கூடத்தான்லே படிச்சான். பள்ளிக்கூடத்துலயும் அவனுக்குக் கடமண்ணுன்னுதான் பேரு."

இசக்கியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு மகன் இருப்பது தெரியும். அவனையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்பது தெரியாது. இறங்குகிற வரைக்கும் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

மறுநாள் காலையில் திருநீறு பூசப் போனவள், சம்படத்தைத் திறந்துவிட்டு மூடிவிட்டாள். வெறும் நெற்றியோடு வேலைக்கு வந்தாள். அடுப்பில் வெந்நீர் வைத்து, சோடா உப்புப் போட்டு, வாளியை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். துணியை முக்கித் தாளில் ஒற்றினாள். ஊறுகிற நேரத்தில் திரும்பி நின்றாள். அல்போன்சா காப்பி கொண்டுவந்திருந்தாள். செந்தூர்வேல் மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, காப்பி வேண்டாம். மரியான் அண்ணாச்சி களவாணி இல்ல. இந்தத் தாளை விட்டது நான்."

அல்போன்சாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"திருச்செந்தூருக்கு நடக்கப் போகணும்னு அவசரத்துல விட்டுட்டேன். மேல சிமெண்ட் பாலை அடிச்சு மறைச்சேன். அண்ணாச்சி போன்ல கேட்டாக. எடுத்தாச்சுன்னு சொன்னேன். நான் சொன்னதை நம்பிப் பூசுனாக."

"அப்ப அந்த உப்பு?"

இசக்கியம்மாள் சமையல்கட்டுக்குப் போனாள். அந்தச் சுவர் மரியான் கைபடாதது. கட்டின காலத்திலிருந்து இருக்கிற சுண்ணாம்புச் சுவர். நகத்தால் சுரண்டிக் கொண்டுவந்து அல்போன்சாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாக்குல வச்சுப் பாருங்கக்கா."

அல்போன்சா வைத்தாள். இன்னொரு துளியையும் வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இதுவும் கரிக்குது" என்றாள்.

"நம்ம ஊருல எந்தச் சுவருக்கா கரிக்காது?"

காப்பித் தம்ளரை அல்போன்சா மேசைமேல் வைத்தாள். அவள் வையவில்லை. வைதிருந்தால் இசக்கியம்மாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பன்னெண்டு வருசம். ஏளா, பன்னெண்டு வருசமா நீ தெனமும் விடிஞ்சு எந்திரிச்சு எப்படிச் சோறு தின்ன? நான் அவன் பிள்ள குட்டியெல்லாம் சேத்து வைதேனே. பூசைக்குப் போயி சாமியார் கையால நன்மை வாங்குன வாயாலதான வைதேன்."

செந்தூர்வேல் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். "யக்கா, நேத்தே சொல்லியிருக்கலாம்லா? நான் அனுப்புனது இப்ப எங்கெங்க போயிருக்கோ. இனி அழிச்சாலும் அழியாது" என்றான். அவன் குரலில் பழைய மரியாதை இல்லை. இருக்கவும் கூடாது என்றுதான் அவளுக்கும் பட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் துறைமுக ரோட்டுக்குப் போனாள்.

லாரிகள் வரிசையாக நின்றன. நிலக்கரித் தூசி. எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மரியான் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாயிற்று.

"ஏ தங்கச்சி! வா, வா. இங்கன உக்காரு. பானுப்ரியா எப்படி இருக்கா?"

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் எழுந்துபோய்ச் சங்கிலியை இறக்கிவிட்டு வந்து, "சொல்லு" என்றார். மீதியைச் சொன்னாள்.

அவர் உள்ளங்கையில் ஒட்டிய கரித்தூசியைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

"அன்னைக்கு எனக்கும் சேத்துக் கும்பிட்டியா?"

"கும்பிட்டேன், அண்ணாச்சி. வருசா வருசம் போயி முருகன்கிட்ட இதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கேன்."

"அவருக்குத்தான் அப்பவே தெரியும்லா. எனக்குத்தான தெரியாது."

மரியான் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அன்னைக்கு நாக்குல வச்சதும் நானே நம்பிட்டேன். சுடலைராஜ் என்னை ஏமாத்திட்டான், ஆத்து மணல்னு சொல்லிக் கடமண்ணைக் கொட்டிட்டான்னு. என் கல்யாணத்துல எனக்குத் தோழன் அவன். போயி அவன் சட்டையைப் புடிச்சேன். அதோட பேச்சு இல்ல. போன ஆடியில செத்துப்போனான். எழவுக்குக்கூட நான் போகல."

ஹாரன் அடித்தது. இந்த முறை அவர் எழவில்லை.

"என்னை மன்னிச்சிருங்கண்ணாச்சி" என்று அவள் குனிந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"கால்ல எல்லாம் விழாத. இந்தத் தகரக் கொட்டகையில வச்சு எங்கிட்டச் சொன்னா யாருக்குக் கேக்கும்? என்னை வாசல்ல வச்சுத்தான் வைதாக. தெருவே கேட்டுச்சு. அதே வாசல்ல நின்னு சொல்லு. சனிக்கிழமை நான் வாரேன்."

"சொல்லுதேன்" என்றாள்.

*

அந்த மூன்று நாளும் அவள் அந்தத் தாளைச் சுரண்டினாள். செந்தூர்வேல் உதவிக்கு ஆள் போடுகிறேன் என்றான். வேண்டாமென்றாள். பெயிண்டைக் கீறி, ஒற்றி, ஊறவிட்டு, ஒரு முழம் ஒரு முழமாக எடுத்தாள். நல்லதாக வந்த ஒரு துண்டை, நாலு பூ உள்ளதை, காயவைத்து அல்போன்சாவிடம் கொடுத்தாள். அவள் வாங்கிச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி என்று சொல்லவில்லை. கடைசியில் பசை போகச் சுவரை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி உலரவிட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மரியான் வந்தார். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். உள்ளே வரவில்லை. தெருவிலேயே நின்றார். அல்போன்சா அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தானே தட்டிக் கூப்பிட்டிருந்தாள். பாஸ்கலும் வந்திருந்தார். பதினைந்து இருபது பேர் கூடிவிட்டார்கள். ஏதோ தகராறு என்று போகிறவர்களும் நின்றார்கள்.

இசக்கியம்மாள் வாசல்படியில் ஏறி நின்றாள். சிமெண்ட் ஒட்டிய சேலை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மரியான் நின்ற அதே படி. இத்தனை பேர் முன்னால் அவள் ஒருநாளும் பேசினதில்லை.

"நான் இசக்கியம்மாள், புதுக்கோட்டை. இந்த வீட்டுல சித்தாளா வேலை பாத்தேன்..."

"சத்தமாச் சொல்லும்மா, கேக்கல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் மறுபடி முதலிலிருந்து, சத்தமாகச் சொன்னாள். தாளை விட்டது, மறைத்தது, போனில் பொய் சொன்னது, நாக்கில் வைத்துக் கரிக்குது என்றது. ஒன்றையும் குறைக்கவில்லை. "மரியான் அண்ணாச்சி கலந்தது நல்ல ஆத்து மணல். லாரியில கொண்டாந்த சுடலைராஜ் அண்ணாச்சியும் நல்லவுக. தப்பு முழுக்க என்னோடது" என்று முடித்தாள்.

"சாமி கும்பிடுத பொம்பளையாம்! நெத்தியில பூசுததைப் பாத்து நம்பிருவோம்" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. காது சுட்டது. தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. குனியவில்லை. பாஸ்கல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செந்தூர்வேல் போனைக் கையில் பிடித்திருந்தான். "யக்கா, நீங்க பேசுனதைப் புடிச்சிருக்கேன். அதே குரூப்ல போடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"போடு" என்றாள்.

அல்போன்சா படியிலிருந்து இறங்கி மரியானிடம் போனாள். "மரியான், நான் அன்னைக்கு உன்னை..." என்று தொடங்கினாள்.

"பெறகு பேசிக்கிடலாம்க்கா. முதல்ல சுவத்தைப் பாத்துருதேன்" என்றார் அவர்.

உள்ளே போனார். வெறும் சுவருக்கு முன்னால் நின்று உள்ளங்கையை விரித்து வைத்தார். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே வந்தார். விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இசக்கியம்மாள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கீழ் மூலையில், தரையோடு ஒட்டின இடத்தில் அவர் கை நின்றது.

"இங்கன ஒரு பொட்டு இருக்கு" என்றார்.

அவள் ஓடிப்போய்த் தகட்டை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். நகத்தளவு தாள். அரைப் பூ. அதை ஒற்றி, ஊறவிட்டு, சுரண்டினாள். அவர் நகராமல் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தார். எடுத்து முடித்ததும் குனிந்து கட்டைவிரலால் அந்த இடத்தை இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தார்.

"சரி. பூசலாம்" என்றார், செந்தூர்வேலைப் பார்த்து.

தங்கச்சி என்று அவர் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த நகத்தளவு தாளைக் குப்பைச் சட்டியில் போட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கலவை போடப் போனாள்.